ஏசியில் செருகிய ராஜா

சூதாட்டமே குற்றமாக இருக்கிற நாட்டில், சீட்டில் ஏமாற்றுவதை எந்தக் குற்றத்தில் சேர்ப்பது? போலீஸிடம் போய், என்னை ஒருத்தன் சீட்டில் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால், சொன்னவனைத்தான் முதலில் உள்ளே வைப்பார்கள். ஆகவே துபாயில் எங்கள் அறைக்கு நாங்களே சட்டம், நாங்களே கோர்ட். அந்தக் கோர்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்மேல் வழக்கு நடந்தது. நான் நிரபராதி என்று தீர்ப்பானது. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்த பிறகும் அந்த வழக்கை என்னால் மூட முடியவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. அல் கூஸில், கார் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் மார்பிள் கிடங்குகளுக்கும் பின்னால் எங்கள் கேம்ப். அறைக்கு எட்டுப் பேர், நாலு இரட்டைக் கட்டில். நான் பிளம்பர், அறந்தாங்கிப் பக்கம். கேம்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது, ஊர்தான் பெயர். ஏசிக்குப் பக்கத்துக் கட்டிலில் மேல்தட்டில் படுத்திருந்தவன் பரமக்குடி. என்னோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தான், என்னைவிட நாலு வயது சின்னவன், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். எதிர்க்கட்டிலில் கீழ்த்தட்டு மன்னார்குடியாருடையது. அறையிலேயே மூத்தவர், மெஸ் கணக்கும் பஞ்சாயத்தும் அவர் கையில். கதவோரம் கொழும்பு அண்ணன். கேம்ப் ஸ்டோரில் வேலை. அதற்கு முன்னால் நாலு வருஷம் கொழும்பில் ஒரு கசினோவில் சீட்டுப் போடுகிறவராக இருந்தவர்.

எங்கள் அறையில் காசு வைத்து ஆடக் கூடாது. பக்கத்துக் கேம்பில் அப்படி ஆடிய நாலு பேரை ஊருக்கு ஏற்றி அனுப்பிய பிறகு மன்னார்குடியார் போட்ட தடை அது. ஆனால் சீட்டு இல்லாமல் எங்களுக்கு ஒரு காரியமும் நடக்காது. வெள்ளிக்கிழமை யார் முதலில் குளிப்பது, யார் கறி வெட்டுவது, காலியான கீழ்த்தட்டு யாருக்கு, எல்லாவற்றுக்கும் சீட்டுத்தான். பெட்ஷீட்டில் சீட்டுக்கட்டைக் கவிழ்த்துப் பரப்புவோம். ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், பெரிய சீட்டு எடுத்தவன் ஜெயித்தான். ஏஸ் ஒன்று என்றுதான் கணக்கு, ராஜாதான் பெரியது. அழுகுணி ஆட்டம் ஆடினால் ஒரு மாதம் கக்கூஸ் கழுவ வேண்டும். எட்டுப் பேர் அறையில் அதைவிடப் பெரிய தண்டனை எந்த நாட்டுச் சட்டத்திலும் இருக்க முடியாது.

கொழும்பு அண்ணன் மட்டும் சீட்டைத் தொட மாட்டார். கறி வெட்டுகிற முறை வந்தால் சீட்டு எடுக்காமலேயே வெட்டிவிட்டுப் போவார். ஆனால் கேட்டால் சொல்லுவார். கசினோவில் எதைக் களவு என்பார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு வாய் பிளந்து கேட்போம். நகத்தால் சீட்டில் கோடு போடுவது களவு. ஆட்டத்தின் முடிவு தெரிந்த பிறகு பந்தய வில்லையைச் சத்தமில்லாமல் நகர்த்துவது களவு. சீட்டுப் போடுகிறவனோடு கூட்டுச் சேர்வது களவு. போன சீட்டுகளை எல்லாம் மனதுக்குள் எண்ணி வைத்துக்கொண்டு ஆடுகிறவன் கள்ளன் இல்லை. அவனை வெளியே போகச் சொல்லுவார்களே தவிர, பிடித்துக் கொடுக்க முடியாது. முதுகில் அச்சுப் பிழை உள்ள சீட்டைக் கண்டுபிடித்து ஆடி ஜெயித்தவன் விஷயத்தில் முதலாளிகளுக்குள்ளேயே சண்டை வந்ததாம். அப்படிப்பட்ட சீட்டை மேசையில் போட்டது கசினோ நடத்துகிற கடைக்காரனுடைய பிழைதானே என்பது அண்ணனின் கட்சி.

இப்போது எங்கள் ஏசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரை உடைத்துச் செருகிய ஜன்னல் ஏசி. அந்த ஜூன் மாதம் அதன் முன்மூடி தளர்ந்து, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஓயாமல் ஆடியது. மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்தோம். மெயின்டனன்ஸ்காரன் மூன்று முறையும் நாளைக்கு என்றான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கைக்குக் கிடைத்த சீட்டு ஒன்றை உருவி மூடிக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். சத்தம் நின்றது. அறையே என்னை வாழ்த்தியது. அடுத்த வெள்ளிக்கிழமை ரம்மிக்கு ஒரு சீட்டுக் குறையவே அதை உருவிப் பார்த்தேன். இஸ்பேட் ராஜா.

அதிலிருந்து அதுவே வழக்கமானது. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ராஜா இறங்கி வருவார், ஆட்டம் முடிந்ததும் ஏசிக்குப் போய்விடுவார். உருவுவதும் செருகுவதும் நான்தான். எந்தச் சீட்டு என்று யாரும் கேட்டதில்லை. தண்ணீர் சொட்டி, காய்ந்து, மறுபடி சொட்டி, அதன் ஒரு மூலை லேசாக உப்பிவிட்டது. முதுகில் கடுகளவுக்கு ஒரு துருப்பொட்டு. தேடினால்தான் தெரியும். எனக்குத் தேடாமலே தெரிந்தது.

செப்டம்பர் கடைசியில் ஃபோர்மேன் எங்கள் கேங்கைக் கூப்பிட்டார். ஒரு கட்டடத்தை ஒப்படைக்கிற நெருக்கடி, டிசம்பர் வரை லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது ஒரே ஒரு ஆளை மட்டும் ஒரு மாதம் விடலாம், டிக்கெட் சொந்தச் செலவு, யார் என்று நீங்களே பேசி நாளைக்குள் சொல்லுங்கள், சண்டை வந்தால் ஒருத்தருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேட்டது இரண்டே பேர், நானும் பரமக்குடியும். ஜனவரியில்தான் நான் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்திருந்தேன். என் மனைவிக்கு அக்டோபர் நடுவில் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். பரமக்குடி ஊருக்குப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. அவன் அக்காள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவன்தான் ஒரே தாய்மாமன். அவன் வரட்டும் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டு, மாப்பிள்ளை வீட்டில் அக்காளிடம், உன் தம்பி என்ன பெரிய கலெக்டர் உத்தியோகமா பார்க்கிறான் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

நியாயப்படி பரமக்குடிதான் போக வேண்டும் என்று மன்னார்குடியார் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. காதுகுத்தைத் தள்ளிப்போடலாம், பிரசவத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். என் மனைவிக்கு அம்மா இல்லை, அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதையும் சொன்னேன். அது உண்மைதான். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்பதும் உண்மை. பரமக்குடி தலையைக் குனிந்துகொண்டு, சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போனவர்களும் திரும்பி, சாப்பாடும் முடிந்திருந்தது. மன்னார்குடியார் சீட்டை எண்ணிவிட்டு ஒன்று குறைகிறது என்றார். நான் எழுந்து போய், மற்ற ஏழு பேரும் பார்க்க, ஏசியிலிருந்து ராஜாவை உருவிக் கட்டுக்குள் செருகிக் கொடுத்தேன். முந்தின ராத்திரி முழுக்க, ராஜாவை ஏசியிலேயே விட்டுவிட்டு மற்றச் சீட்டுகளைப் பரப்பச் சொல்லலாமா என்ற யோசனை எனக்கு வந்து வந்து போனது. ஒரு சீட்டுக் குறைந்தால் என்ன என்று சொல்லியிருந்தால் போதும், எந்தக் கறையும் எனக்கு உதவாது. நான் சொல்லவில்லை. சும்மா இருப்பது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

மன்னார்குடியார் நன்றாகவே கலைத்துப் பரப்பினார். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பரமக்குடி ஆள்காட்டி விரலைச் சீட்டுகளின் மேலே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. அந்தச் சீட்டின் மூலை உப்பியிருந்தது எனக்குத் தெரிந்தது. விரல் அங்கே இரண்டு மூச்சு நேரம் நின்றுவிட்டு, நகர்ந்து, ஓரத்திலிருந்த வேறொன்றை எடுத்தது. டைமன் பத்து. யாரோ நல்ல சீட்டுடா என்றார்கள்.

நானும் விரலை ஓட்டுவதுபோல ஓட்டினேன். உடனே எடுத்தால் சந்தேகம் வரும் என்று தெரியும், ஆகவே தயங்குவதுபோல நடித்தேன். இதையும் கசினோச் சட்டம் தடுக்கவில்லை. பிறகு ராஜாவை எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

எல்லாரும் கலைய ஆரம்பித்தபோது மன்னார்குடியார் அந்த ராஜாவைக் கையில் எடுத்தார். விரலால் தடவினார். மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது ஏசிச் சீட்டு அல்லவா என்று கேட்டார். அறை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏசியிலிருந்து எடுத்ததை எல்லாரும் பார்த்தீர்களே, எதை நான் மறைத்தேன் என்று எகிறினேன். நாலு மாதமாகச் சத்தம் இல்லாமல் தூங்கினீர்களே, அது யார் போட்ட சீட்டு என்றும் கேட்டேன். மன்னார்குடியாருக்குக் கோபத்தில் குரல் ஏறிவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் கொழும்பு அண்ணன் பக்கம் திரும்பினோம். சட்டம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பரமக்குடி மட்டும் மேல்தட்டில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் சீட்டைக் கையில் வாங்காமல், மன்னார்குடியாரைப் பிடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

“தம்பி, கசினோவிலை எண்டா ரெண்டு கேள்விதான் கேப்பினம். அடையாளம் வைக்க எண்டு சீட்டிலை கை வச்சனியோ? ஆரோடையும் கூட்டுச் சேந்தனியோ?”

“ரெண்டும் இல்லண்ணே.”

“ஏசியிலை செருகேக்கை என்ன நினைச்சுச் செருகினனீ?”

“சத்தம் நிக்கணும்னுதான்.”

அது பொய்யில்லை. ஜூன் மாதத்துக்கு அது முழு உண்மை. இன்றைக்கு அதை உருவியபோது என்ன நினைத்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததற்கு யாரும் வழக்குப் போட முடியாது, கறைபட்ட கட்டை வைத்து ஆட ஒப்புக்கொண்டது அறையின் பிழை, இது களவில்லை என்று அவர் முடித்தார். மன்னார்குடியார் சீட்டுகளைக் கட்டாக அடுக்கி வைத்துவிட்டு, கலாஸ், முடிஞ்சுது, போய்ட்டு வா என்றார்.

கிளம்புகிற அன்று ஸ்டோர் தராசில் பெட்டியை எடை பார்க்கப் போனேன். அண்ணன் எடையைப் பார்த்தபடியே சொன்னார். “அது கசினோக் கடைக்காரன்ரை காசைக் காப்பாத்தப் போட்ட சட்டம் தம்பி. ரூமுக்கும் அதுதான் சட்டமெண்டு நான் சொல்லேல்லை.” எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அன்றைக்கு நீங்கள் கேட்டது கசினோச் சட்டம் என்றார். பெட்டி இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. பால் பவுடர் டப்பாக்களில் ஒன்றை எடுத்து வெளியே வைத்தேன்.

அந்தப் பெட்டியில் பரமக்குடியின் பொட்டலமும் இருந்தது. மருமகனுக்கு ஒரு ஜோடி தங்கத் தோடு, பட்டு வேட்டித் துண்டு, அக்காளுக்கு ஒரு சேலை. அறந்தாங்கியிலிருந்து பரமக்குடிக்கு ஒரு எட்டு போய்க் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் என் மகள் பிறந்தாள். பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். அவளை முதலில் கையில் வாங்கியது நான். ராஜாவை எடுத்ததற்காக அந்த நிமிஷத்தை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் இன்றைக்கும் கொடுக்க மாட்டேன். மனிதன் இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

குழந்தைக்குப் பத்து நாள் ஆனதும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன். குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. மூன்றாம் முறையும் தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டில் ஒப்பவில்லையாம். பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, கிடா வெட்டி, எல்லாம் தயாராக இருந்தது. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் போனேன். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பையனுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். மணையில் உட்கார ஆள் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, துபாய் மாமனுக்குப் பதிலாகத் தோடு மட்டும் வந்திருக்கிறது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

பரமக்குடியின் அக்காள் நேராக என்னிடம் வந்தாள்.

“எந்தம்பி போன்ல ஒங்கள அண்ணன், அண்ணன்னுதான் சொல்லுவான். அப்ப எனக்கும் கூடப் பெறந்தவுகதானே. நீங்க உக்காருங்க.”

நான் மாட்டேன் என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ தோளில் துண்டைப் போட்டு, யாரோ கழுத்தில் மாலையைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பையனை என் மடியில் இருத்தினார்கள். மூன்று வயது, கனமான பிள்ளை. ஊசி இறங்கியபோது அவன் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு மாமா, மாமா என்று கத்தினான். போட்டோக்காரன் என்னை நிமிர்ந்து பார்க்கச் சொன்னான்.

லீவு முடிந்து வந்தபோது அக்காள் கொடுத்துவிட்ட ஆல்பம் என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், மற்றவர்கள் வெளியே துணி காயப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவனிடம் கொடுத்தேன். அவன் மேல்தட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். மடியில் பையனோடு நான் இருக்கும் படம் வந்தபோது நிறுத்தி, ரொம்ப அழுதானா என்று கேட்டான். கொஞ்சம்தான், மாமா மாமா என்று கூப்பிட்டான் என்றேன்.

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்தச் சீட்டு விஷயத்தில் உனக்கு மனதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டது எனக்காகத்தான். இல்லை என்று அவன் சொல்லிவிட்டால் நிம்மதியாகிவிடலாம் என்ற கணக்கு.

அவன் ஏசிப் பக்கம் கையைக் காட்டினான். நான் ஊருக்குப் போயிருந்தபோது மெயின்டனன்ஸ்காரன் ஒருவழியாக வந்து மூடிக்குத் திருகாணி முடுக்கியிருந்தான், சீட்டு அங்கே இல்லை. “அந்த ராஜா நாலு மாசமா என் மொகத்துக்கு நேராத்தானண்ணே இருந்தான். டெய்லி அவன் மூஞ்சிலதான் முழிச்சேன்,” என்றான்.

ஏசிக்கும் அவன் தலையணைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். சீட்டின் முதுகு அறைக்கும் முகம் அவனுக்குமாகத்தான் ஒவ்வொரு வாரமும் செருகியிருக்கிறேன். எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நான் வைத்திருந்ததை அவன் என்னைவிட நன்றாக அறிந்திருந்தான்.

“அப்ப ஏன்டா எடுக்கல?”

“வெரல்ல தட்டுப்பட்டுச்சு. தெரிஞ்சுக்கிட்டே எடுத்தா அது சீட்டு எடுக்கறதில்லைல்ல. அதான் விட்டுட்டேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவன் அன்றைக்கு அதை எடுத்திருந்தால் நான் அவனைக் கள்ளன் என்று திட்டிவிட்டு, காலம் முழுக்க நல்லவனாக இருந்திருப்பேன். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் அதற்குள் ஆல்பத்திலிருந்து அந்த ஒரு படத்தை மட்டும் உருவிவிட்டு, செலோ டேப் இருக்கிறதா என்று கேட்டான். என் டூல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஏசிக்குப் பக்கத்துச் சுவரில், படுத்தால் கண்ணுக்கு நேராக வருகிற இடத்தில், அந்தப் படத்தை ஒட்டினான். மருமகனைப் பார்ப்பதற்காகத்தான் ஒட்டினான், வேறு எதற்கும் இல்லை. மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பையன் அழுதுகொண்டிருந்தான். அவனைப் பிடித்துக்கொண்டு மாலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் நான் இன்னும் ஒரு வருஷம் எட்டு மாதம் இருந்தேன்.